ஈப்போவில் கேட்ட சத்தியம்

4 மார்ச் 1973, ஞாயிறு

காலை ஐந்து நாற்பதுக்கு மகள் அரசிக்குப் பெண் குழந்தை. ஆறேகால் பவுண்டு. சுகப்பிரசவம். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி டிரஸ்ஸராக இருந்து எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவன் நான். இன்று என்னை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். நின்றேன்.

தாதி குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தவள், நேரே என்னைத் தாண்டிப் போய், பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த ஒரு சீனக் கிழவரிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். நான் எழுந்து நின்று, "என் பேத்தி" என்றேன். அதற்குப் பிறகும் அவள் என்னை ஒரு தடவை, குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். டாக்டரிடம் புகார் சொல்லப் போனேன். என் மனைவி சௌந்தரம் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

மத்தியானம் சம்பந்தி வீட்டார் ஈப்போவிலிருந்து காரில் வந்தார்கள். கோமதியம்மாள் குழந்தையைத் தூக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"கண்ணே தெரியலியே" என்றார்.

"தூங்குது. முழிச்சாத்தானே தெரியும்" என்றாள் சௌந்தரம்.

"முழிச்சுதான் இருக்கு."

மாப்பிள்ளை தணிகாசலம் தன் தாயாரைப் பார்த்து, "அம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சம்பந்தி ஆவுடையப்பன் குழந்தையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

9 மார்ச், வெள்ளி

தாயும் சேயும் பீடோர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில் வெந்நீர் போட்டேன். கொடி கட்டினேன். பதினான்கு துணி துவைத்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கை நன்றாக இழுத்துவிடும்படி சௌந்தரத்திடம் சொன்னேன். எல்லா வீட்டிலும் செய்வதுதானே. புருவத்துக்கும் கண்ணுக்கும் மையைக் கொஞ்சம் நீளமாக வைக்கவும் சொன்னேன். அரசி உள்ளேயிருந்து, "அவ மூக்கு அவகிட்டயே இருக்கட்டும்ப்பா" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

மூக்குக் கண்ணாடியின் வலது கண் உடைந்துவிட்டது. தாப்பாவில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை தபால் எல்லாம் அரசிதான் படித்துச் சொல்ல வேண்டும். பழைய கண்ணாடியை வைத்து, பெரிய எழுத்தாக இதை எழுதுகிறேன்.

15 மார்ச், வியாழன்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்தச் சீனப் பொண்ணு உங்க வீட்ல வேலை செய்யுதா, வாடகைக்கு இருக்கா?" என்று கேட்டாள். சுருக்கென்று வந்தது. என் மகள், பெயர் மங்கையர்க்கரசி, தமிழ்ப் பள்ளி ஆசிரியை என்றேன். "ஓ" என்றாள். இந்த "ஓ"வை இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1949, அக்டோபர். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். தோட்டத்து எல்லையில் காய்கறி போட்டுப் பிழைத்த சீனக் குடும்பம் ஒன்று. ஏழாவது பிரசவத்துக்கு அந்த அம்மாளை என் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ஏழாவதும் பெண். எட்டாம் நாள் அந்த மனிதன் குழந்தையை என் மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கூப்பினான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. சௌந்தரம் குழந்தையை எடுத்தவள் திரும்ப மேசையில் வைக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அந்த ஜனங்களைப் பிறகு அரசாங்கம் லாரியில் ஏற்றி, வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பெயர் விவரம் ஒன்றும் நான் கேட்டு வைக்கவில்லை. அரசி கேட்டபோதும் இதையே சொல்லியிருக்கிறேன்.

தான் தத்துப்பிள்ளை என்பதை அவளிடம் நாங்கள் ஒளிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருக்கும்போது ஒளிக்க முடியாதே. ஆனால் ஒரு குறை தெரியாமல் வளர்த்தோம். பாவாடை தாவணி, பூ, பொட்டு. ஸ்டூடியோவில் படமெடுக்கும்போது பக்கவாட்டில் உட்கார வைத்து எடுக்கச் சொல்வேன், அதில்தான் நன்றாக விழுவாள். "வாயைத் திறந்தா அசல் தமிழ்ப் பொண்ணு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே அவளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தேன். அவள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இரண்டு பெற்றோர் வந்து, சீனத்தி எங்கள் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தருவதா என்று சண்டை போட்டார்கள். அரசி அவர்கள் கையிலிருந்த புகார்க் கடிதத்தை வாங்கி, சிவப்புப் பேனாவால் எட்டு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தாள். அவள் என் மகள்.

18 மார்ச், ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். அவரும் ஆசிரியர்தான். பயிற்சி வகுப்பில் அரசியைப் பார்த்து, தானே விரும்பிக் கேட்டு வந்தவர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் அரசி கையைப் பிடித்து எழுந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முப்பதாம் நாள் பெயர் வைக்க வீட்டிலிருந்து எல்லாரும் வருவார்களா என்று கேட்டேன். "வருவாங்க மாமா" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

2 ஏப்ரல், திங்கள்

முப்பது பேருக்குச் சமைத்தோம். தொட்டிலில் மல்லிகைச் சரம். குழந்தையைத் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்ல அத்தை வேண்டும், அதாவது மாப்பிள்ளையின் தங்கை. பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கு வரவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தடவை சைக்கிளில் போய் வந்தேன். காரில் வருகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டில் போய்த் தேடியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தார். அம்மாவுக்குத் தலைசுற்றல் என்றார். தங்கைக்கும் அப்பாவுக்கும் என்ன சுற்றியது என்று சௌந்தரம் கேட்டாள்.

பந்தியில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது: "இதுக்குப் பேரு முத்தம்மான்னா வப்பாங்க, சீனப் பேரா ஆ மோய்ன்னு வச்சாப் பொருத்தமா இருக்கும்." சிரிப்பு. நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சோற்றை என் வீட்டு இலையில் தின்றுகொண்டு! இலையை எடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அத்தை இல்லேன்னா என்ன, நானே பேர் சொல்றேன்" என்றாள் சௌந்தரம். முறை என்று ஒன்று இருக்கிறது, அவர்களும் வரட்டும், பிறகு வைப்போம் என்றேன். அரசி எழுந்து மல்லிகைச் சரத்தை அவிழ்த்து, வந்திருந்த பெண்களுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள்.

3 ஏப்ரல், செவ்வாய்

பாயசம் புளித்துவிட்டது. கொட்டினேன்.

8 ஏப்ரல், ஞாயிறு

ஈப்போ போனேன். வீட்டில் கருவேப்பிலைக் கன்று வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

ஆவுடையப்பன் ஜவுளிக்கடையில் ஒரு சீன முதலாளியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். துணி மொத்தமாகக் கொடுப்பவர். வாசல் வரை தோளில் கைபோட்டுக் கொண்டுபோய் வழியனுப்பினார். அதே கையால் என்னைப் பின்கட்டுக்கு வரச்சொன்னார்.

"டிரஸ்ஸரே, மூணு வருஷம் முன்னால இதே எடத்துல உக்காந்து நீங்க என்ன சொன்னீங்க?"

யாராவது கேட்கிறார்களா என்று கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தோட்டத்துல ஒரு சீனத்தியோட பழக்கம் இருந்துச்சு, அதுல பொறந்த புள்ளை, ஊருக்காகத் தத்துன்னு சொல்றோம், அவ என் ரத்தம்தான்னு சொன்னீங்க. பாதியாவது நம்ம ரத்தம் ஓடுதேன்னு ஒத்துக்கிட்டேன். ஆம்பளை செய்யாததான்னு விட்டேன். இப்ப என் பேத்தி மூஞ்சியில நம்ம ரத்தம் எங்க இருக்கு? காட்டுங்க."

"பொறந்த குழந்தை முகத்துல என்னத்தைத் தேடுறீங்க?"

"எங்க ஆளுங்க சங்கத்துல கேக்குறாங்க. ரெண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். எங்க கோயில்ல கற்பூரம் ஏத்தி, நாலு பேர் முன்னால, மங்கையர்க்கரசி எனக்குப் பொறந்தவன்னு அணைச்சிச் சத்தியம் பண்ணுங்க. அன்னிக்கே கார் அனுப்பி ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா உங்க பொண்ணு உங்க வீட்லயே இருக்கட்டும்."

எழுதிவிட்டேன். இதுவரை இந்த நோட்டில் எழுதாமல் வைத்திருந்தது அதுதான். ஆமாம், சொன்னேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டுப் பலகாரம் தின்றுவிட்டுப் போனவர்கள். இந்தப் பையன் இவளைத்தான் கட்டுவேன் என்றான். அவள் அவனைத்தான் நினைத்திருந்தாள். நடுவில் நின்றது ஒரு கேள்வி: என்ன ரத்தம்? பொய் சொன்னவன் நான். சொல்ல வைத்தது யார்? என் பெயரை நானே கெடுத்துக்கொண்டேன். வேறு எவன் பெயரையும் கெடுக்கவில்லை.

ஈப்போவில் வெயில் அதிகம் என்று சௌந்தரத்திடம் சொன்னேன். கன்று கிடைக்கவில்லை என்றேன்.

15 ஏப்ரல், ஞாயிறு

ரத்த அழுத்தம் 180. நானே பார்த்துக்கொண்டேன். பயற்றங்காய்க்குப் பந்தல் போட்டேன்.

கற்பூரம் அணைப்பது ஒரு நிமிஷ வேலை.

22 ஏப்ரல், ஞாயிறு

பந்தலுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாமா, சத்தியத்தை மே ஆறாம் தேதி வச்சிருக்காங்க. ஒரு நிமிஷம். செஞ்சிடுங்க. அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க."

"உங்களுக்கு இது தெரியுமா? நான் சொன்ன அந்த விஷயம்?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே அப்பா சொன்னாரு. பொய்னு எனக்குத் தெரியும். அரசி எல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்கா. நல்லதுக்குத்தானேன்னு சும்மா இருந்துட்டேன்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. மூன்று வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் மாமனாருக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு! "நீங்க ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

26 ஏப்ரல், வியாழன்

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

தபால்காரர் அரசியிடம்தான் கொடுத்தார். அவள் வழக்கம்போல் கூடத்தில் நின்று, வகுப்பில் படிப்பது மாதிரி உரக்கப் படித்தாள். சௌந்தரம் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உறையைப் பார்த்ததும் நான் பிடுங்கியிருக்க வேண்டும். கண் தெரியவில்லை.

"அன்புடையீர், தங்கள் மகள் மங்கையர்க்கரசி என்பவர் தங்களுக்கு ஒரு சீனப் பெண்ணிடம் பிறந்தவர் என்று தாங்கள் முன்னர் கூறியதை..." அவள் குரல் அங்கே மெதுவானது. ஆனால் நிற்கவில்லை. கடைசி வரை படித்தாள். தேதி, நேரம், இடம், கையொப்பம். பிறகு, "ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை" என்றாள்.

சௌந்தரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணத்துல கோமதியம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு 'உங்க மனசு யாருக்கு வரும்'னு சொன்னாங்க. வளர்த்ததுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். சந்தோசப்பட்டேன். அந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மூணு வருசமா என்னைப் பாவமாப் பாத்தாங்க. எதுக்குன்னு தெரியாம நானும் சிரிச்சிக்கிட்டு நின்னேன்."

"சௌந்தரம், அவ வாழ்க்கைக்காக..."

"அவ என் வயித்துல பொறக்கலேங்கிறது எனக்கு ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்ல. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி புள்ளையா இருந்தா. நீங்க உங்களுக்கு மட்டும் சொந்தமாக்கிக்கிட்டீங்க. என்னை ஆயாவாக்கிட்டீங்க."

இதை எழுதவே கை வரவில்லை. அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அவள் சொன்னதில் எந்த இடம் தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

28 ஏப்ரல், சனி

இரண்டு நாளாக வீட்டில் குழந்தை அழுவது மட்டும்தான் சத்தம். சாப்பாடு மேசைக்கு வருகிறது. யாரும் கூப்பிடுவதில்லை.

சாயங்காலம் அரசி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்க எங்கிட்ட இருக்கிற ரத்தம் வேணாம்னாங்க. சரி, அவங்க அப்படித்தான். நீங்க ஏன் வேற ரத்தத்தைக் கொண்டுவந்து குடுத்தீங்க? எங்கிட்ட இருந்தது போதலைன்னு நீங்களும்தானே நெனச்சீங்க?"

"நான் அப்படி நெனப்பேனா? உன்னை அசல் தமிழ்ப் பொண்ணா..."

"அதைத்தான் சொல்றேன். சின்னப் புள்ளையில இருந்து அதைத்தான் கேக்கறேன். வாயைத் திறந்தா தமிழ்ப் பொண்ணு. அப்ப வாயை மூடியிருந்தா நான் யாரு? படம் எடுக்கிறப்ப ஏன் என்னைத் திரும்பி உக்காரச் சொன்னீங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அவங்க என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னாங்க. நீங்க என் மூஞ்சியைப் பாக்காமயே இருந்துட்டீங்க."

சொல்லட்டும் என்று இருந்தேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"என்னைப் பெத்தவங்க பேரு என்ன?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருபத்து மூன்று வருஷமாகச் சொன்னதுதான், பழக்கமாகிவிட்டது. அவள் கண் என் மேலேயே இருந்தது.

எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து வந்தேன். பிரசவப் பதிவேட்டிலிருந்து நான் அன்றைக்கே நகலெடுத்தது. தகப்பன், லியோங் ஆ சீ. தாய், வோங் யோக் லான். வயது முப்பத்து நான்கு. ஏழாவது பிரசவம். எந்தப் புதுக்கிராமத்துக்குப் போனார்கள் என்றும் தெரியும். இருபது மைல். 1956-இல் அந்த மனிதன் ஒரு கூடை முள்ளங்கியோடு வந்து, குழந்தையை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். அரசி பள்ளிக்கூடம் போயிருந்தாள். எங்களைத் தேடி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். முள்ளங்கியை வாங்கிக்கொண்டேன்.

அதையும் சொன்னேன். அரசி சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் "அப்பா" என்ற சத்தம் இல்லை. "சாப்பாடு இருக்கு", "தண்ணி வேணுமா", "கதவைச் சாத்தணும்". அவ்வளவுதான்.

6 மே, ஞாயிறு

ஈப்போ கோயில். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். காலையில் பார்த்தால் சௌந்தரம் பட்டுச் சேலையில் நிற்கிறாள், அரசி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். "என்னைப் பத்திப் பேசுற எடத்துக்கு நான் வராம எப்படி?" என்றாள். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரு வரிசையில் உட்கார்ந்தோம்.

சங்கத் தலைவர், இன்னும் மூன்று பெரிய மனிதர்கள், ஆவுடையப்பன், கோமதியம்மாள், மாப்பிள்ளை. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். பஸ் ஏறும் வரைக்கும், ஏன், செருப்பைக் கழற்றும் வரைக்கும் நான் சத்தியம் செய்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆவுடையப்பன்தான் கெடுத்தார். அரசி பக்கம் பார்க்காமலே, "அந்தப் புள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, சத்தியம் ஆகட்டும்" என்றார். அந்தப் புள்ளை. மூன்று வருஷம் அவர் வீட்டில் விளக்கு ஏற்றியவள்.

"தள்ளி நிக்க வேணாம்" என்றேன். "இங்கயே நிக்கட்டும். இவ எனக்குப் பொறந்தவ இல்லை. எனக்கு எந்தச் சீனத்தியோடயும் பழக்கம் இல்லை. அது பொய். என் பொண்டாட்டிக்கும் மகளுக்கும் தெரியாம நான் சொன்ன பொய். இவளைப் பெத்தவங்க பேரு லியோங் ஆ சீ, வோங் யோக் லான். காய்கறி போட்டுக் கௌரவமாப் பொழைச்சவங்க. கற்பூரத்தை இங்க கொண்டாங்க, இதுக்கு வேணா அணைக்கிறேன்."

அணைத்தேன். சுட்டது.

"பாத்தீங்களா, ஏமாத்திட்டான்!" என்று ஆவுடையப்பன் கத்தினார். தலைவர், இனி இந்தச் சம்பந்தத்தைப் பற்றிச் சங்கம் யோசிக்க வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எதை யோசிப்பீங்க? சீனன் துணியை விக்கிறீங்க. அவன்கூட உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறீங்க. அவன் பெத்தது உங்க வீட்டுக்குள்ள வந்தா மட்டும் நாறுதா? உங்க பேத்தியை இதுவரைக்கும் ஒரு தடவை தொட்டுப் பாத்தீங்களா?" இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். சௌந்தரம் என் முழங்கையைத் தொட்டாள். பத்து நாளைக்குப் பிறகு.

அரசி என் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

தணிகாசலம் தன் அப்பாவைப் பார்த்தார்.

அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பூசாரியிடம் திரும்பி, "சாமி, புள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. திருநீறு குடுங்க" என்றாள். பூசாரி தலைவர் முகத்தைப் பார்த்தார். "அவர் எதுக்கு? அம்மன்கிட்டதானே கேக்குறேன்" என்றாள் அரசி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டிலிருந்து தானே திருநீறை எடுத்துக் குழந்தை நெற்றியில் வைத்தாள். அதன் காதில் மூன்று தடவை, கோயில் முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொன்னாள்.

"சௌந்தரம். சௌந்தரம். சௌந்தரம்."

என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

7 மே, திங்கள்

வலது உள்ளங்கையில் கொப்புளம். மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். இடது கையால் துவைக்க முடியவில்லை. துணியைச் சௌந்தரம் வாங்கிக்கொண்டாள். "விடுங்க, நான் பாக்குறேன்." அவளாகவே என்னிடம் பேசினாள்.

21 மே, திங்கள்

அரசிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. இங்கேயே, பீடோரில். இரண்டாம் வகுப்பு. முதல் நாளே ஒரு பையன், "டீச்சர், நீங்க சீனமா தமிழா?" என்று கேட்டானாம். "ரெண்டும்டா. எடு நோட்டை" என்று சொன்னாளாம். சௌந்தரத்திடம்தான் சொன்னாள். நான் சமையலறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

3 ஜூன், ஞாயிறு

தணிகாசலம் வந்தார். நாலு வாரத்துக்குப் பிறகு. இளைத்திருந்தார். வாசலிலேயே நின்றார். நான் உள்ளே வரச்சொல்லவில்லை. அது என் வேலை இல்லை என்று இந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அரசி வந்தாள்.

"வீட்ட விட்டு வந்துட்டேன். இங்க ஒரு ரூம் எடுத்திருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும். அன்னிக்கு மட்டும் இல்ல. மூணு வருசத்துக்கு முன்னாலயே பேசியிருக்கணும்."

"ஆமா" என்றாள் அரசி.

அரசி உள்ளே போனாள். பிறகு குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்துட்டுப் போங்க. மத்ததை நான் பிறகு சொல்றேன். எப்பன்னு கேக்காதீங்க." அவர் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன்.

16 ஜூன், சனி

இரவுச் சாப்பாட்டின்போது அரசி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அந்தப் புதுக்கிராமத்துக்குப் போறேன். அம்மா வர்றாங்க. வழி தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்தா நல்லாருக்கும்."

வழி எனக்கும் தெரியாது. நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை. வருகிறேன் என்றேன்.

17 ஜூன், ஞாயிறு

குழந்தையோடு இரண்டு பஸ் மாறினோம். கடைசி ஒரு மைல் நடை. தகரக் கூரை வீடுகள், வரிசை வரிசையாக. லியோங் ஆ சீ பெயரைச் சொல்லி நாலு இடத்தில் கேட்டேன். அவர் செத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த அம்மாளும் போன வருஷம். போன வருஷம்தான். அதைச் சொன்ன கடைக்காரருக்கு நான் ஏன் வெயிலில் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று புரிந்திருக்காது. அரசி நிற்காமல் நடந்தாள். அவள் திட்டியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும்.

மூத்த மகள் அதே வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். வாசலில் கீரையை உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டு ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். நிமிர்ந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசியின் முகம். நேராக, வெயிலில், முழுசாக.

அரசிக்குச் சீனம் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அரசி மலாயில் மெதுவாகச் சொன்னாள். 1949, தோட்டம், ஆஸ்பத்திரி, ஏழாவது பெண். அந்தப் பெண் கையிலிருந்த கீரையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். பிறகு அரசியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கன்னமெல்லாம் உப்பு. குழந்தையைப் பார்த்தாள். உள்ளே பார்த்து ஏதோ கூவினாள். பிள்ளைகள், ஆண்கள், பெண்கள் என்று ஒரு வீடே வெளியில் வந்தது. சௌந்தரத்தைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "இவங்க என் அம்மா" என்று அரசி மலாயில் சொன்னதும், அந்தப் பெண் சௌந்தரத்தின் காலடியில் குந்தி உட்கார்ந்து அவள் கையை விடவே இல்லை.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? முள்ளங்கிக் கூடையோடு வந்த மனிதனின் வீடு. பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு, சாக்கடை ஓரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் என்னைக் கவனித்துவிட்டாள். யார் அது என்று அரசியிடம் கேட்டாள். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். கேட்டது தெளிவாகப் புரிந்தது. வழிகாட்ட வந்தவர் என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும், அது உண்மைதான் என்று நினைத்தேன்.

அரசி திரும்பி என்னைப் பார்த்தாள். ஐம்பது நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. நான் அதைத் தெளிவாகப் பார்த்தேன். அது போகவில்லை, போகாமலே இருக்கலாம்.

"அவர் என் அப்பா" என்றாள். பிறகு தமிழில், எனக்கு: "வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்கப்பா."